முதல் பூச்சோடு நின்ற சுவர்

அடர்ந்த நிறத்தின் முதல் பூச்சை எந்த வீட்டுக்காரருக்கும் காட்டாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள். காரணத்தையும் சொல்லியிருப்பார்கள். வெளிர் நிறம் முதல் பூச்சிலேயே ஓரளவு முகம் காட்டிவிடும். அடர்ந்த நிறம் அப்படியல்ல. அடியில் இருக்கும் வெள்ளை திட்டுத்திட்டாகத் தெரியும். ரோலர் போன தடமெல்லாம் வரிவரியாக நிற்கும். பாசி பிடித்த குளியலறைச் சுவர் மாதிரி இருக்கும். பார்த்தவர் பயந்துபோய் வேலையை நிறுத்தச் சொல்வார். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யுங்கள், மூன்றாம் பூச்சு காய்ந்த பிறகு கூப்பிட்டுக் காட்டுங்கள் என்பார்கள். சரியான பாடம்தான்.

ஆனால் கதவு இடையில் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னை உங்களில் சிலர் கடையில் பார்த்திருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ் கடையின் பின்மேசையில் நிற அட்டைகளை விரித்து வைத்துக்கொண்டு, வீடுகளுக்கு நிறம் தேர்ந்து கொடுத்து, சாயம் அடிப்பவரை அழைத்துப் போய் வேலையை முடித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. மூச்சிரைப்பு வந்து, சாய வாடையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஐம்பதைத் தொடும் முன்பே வீட்டோடு இருக்கும்படி ஆயிற்று. அந்த மேசையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பின்னால் வருவதற்கு அது வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில், எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் ஒரு புருஷன் பெண்சாதி. படுக்கையறைக்கு அவருக்கு இளமஞ்சள் வேண்டும், அந்த அம்மாவுக்குக் கிளிப்பச்சை வேண்டும். இருவருக்கும் நடுவில் நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அரைமணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தாம்மா, இவரு தூங்குறது ஹாலுல, ஈசிச்சேர்ல. கொறட்டை சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேக்கும். ஹாலுக்கு அவரு கேட்ட கலர அடி. ரூமுல தூங்குறது நானு.”

அன்றிலிருந்து அதுதான் எனக்குச் சட்டம். ஒரு அறைக்கு இரண்டு பேர் இரண்டு நிறம் சொன்னால், அந்த அறையில் தூங்குவது யார் என்று கேட்பேன். தூங்குபவர் சொல்வதை அடித்துக் கொடுப்பேன். நிறைய வீடுகளில் இது எனக்குக் கைகொடுத்தது. கிள்ளானில் ஒரு வீட்டில்தான் இந்தச் சட்டம் என்னைச் சுவர் முன்னால் வாயடைக்க வைத்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரு சனிக்கிழமை, கடை திறந்த சூட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, சிவந்த கண்கள். ஷா ஆலாமில் மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் பிடித்து வந்திருந்தாள். பெயர் புவனா.

“ஆன்டி, இருக்கிறதுலயே இருட்டான கலரு எது?”

எனக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை. ஆன்டி என்றதை மனசுக்குள் குறித்துக்கொண்டு, “எதுக்கும்மா?” என்றேன்.

“தூங்குறதுக்கு.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “நெசமா ஆன்டி. என் ரூமு கெழக்கு பாத்தது. காலையில வந்து படுத்தா, யாரோ டார்ச் லைட்ட மூஞ்சில அடிக்கிற மாதிரி இருக்கு.”

“கர்ட்டன் போடலாமே?”

“போட்டாச்சி. சுவரு வெள்ள. இத்தூண்டு வெளிச்சம் வந்தாக்கூட அத வாங்கி என் மேல எறியுது.”

நிறத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதவில்லை. அட்டைகளை விரித்தேன். பழுப்பைத் தள்ளினாள். சாம்பலைத் தள்ளினாள். கருநீலத்தில் ஆழமாகப் பச்சை இறங்கிய அட்டையில் அவள் விரல் நின்றது. அதற்கு அட்டையில் வேறு ஏதோ பெயர் அச்சடித்திருக்கும். நம்மவர்கள் புடவைக்கடை வழக்கப்படி மயில்கழுத்து என்றுதான் கேட்பார்கள்.

“இது இருட்டாவும் இருக்கு, இருட்டு இல்லாத மாதிரியும் இருக்கு. இதான்.”

“வீட்டுல ஒத்துக்குவாங்களா?”

“எங்கம்மா ஒத்துக்கவே மாட்டாங்க,” என்றாள் உற்சாகமாக. “ஆன்டி, நான் கேரித் தீவு தோட்டத்து லயத்துல பொறந்தவ. அங்க தோட்ட நிர்வாகம் அடிக்கிற கலருதான் எல்லா வீட்டுக்கும். கிள்ளானுக்கு வந்து வீடு வாங்குனோம், அதுக்கும் கட்டுனவன் அடிச்ச வெள்ளதான். எங்க குடும்பத்துல ஒரு ஆளு தானா பாத்து ஒரு கலரு எடுக்கிறது இதான் மொத தடவ.”

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தன. வேலையை ஆரம்பிக்க ஆ ஹோங்கோடு போனேன். ஆ ஹோங் சாலாக் செலாத்தானில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்த சீனர். சாயம் அடிப்பதில் நிதானமானவர், தமிழ் பேசுவதில் துணிச்சலானவர். புவனாவின் அம்மா பார்வதி எங்களை வாசலில் நிறுத்தியே கேட்டார்:

“கல்யாணம் பண்ண வேண்டிய பொண்ணு ரூமுக்கு இந்தக் கலரா அடிப்பாங்க? நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?”

“தூங்குறது நானு,” என்று உள்ளிருந்து குரல் வந்தது. என் சட்டத்தை அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் முதல் பூச்சு முடிந்தது. அசிங்கமாகத்தான் இருந்தது. அன்று அவளுக்கு வழக்கத்துக்கு முன்னதாகவே பஸ். சீருடையோடு வந்தவள், போகிற போக்கில் கதவைத் திறந்து பார்த்தாள். முதல் பூச்சு எப்படி இருக்கும் என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்ததால் அவள் பயப்படவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் தடுப்பதற்குள், “அம்மா! ஓடியாங்களேன்!” என்று கூப்பிட்டுவிட்டாள்.

பார்வதியக்கா முறுக்கு மாவு ஒட்டிய கையோடு வந்தார். சுவரைப் பார்த்தார்.

“அடிப்பாவி. என்னாடி இது? செத்தவங்களத்தான்டி இந்த மாதிரி எடத்துல படுக்க வைப்பாங்க.”

“அம்மா, இது ஒன்னு கோட் தான் லா,” என்றார் ஆ ஹோங். “மூனு கோட் போட்டா ஹோட்டல் மாதிரி.”

“ஒங்க வீட்டுல போட்டுக்க அந்த ஹோட்டல!”

புவனா விழுந்து விழுந்து சிரித்தாள். தெருமுக்கில் தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. முடியை அள்ளிக் கட்டிக்கொண்டே ஓடினாள். “முடியட்டும்மா! முடிஞ்ச பொறவு வந்து பாருங்க!”

“நான் ஏன்டி பாக்கப் போறேன்?” என்றார் அவர். அது வாசல் கேட்டுக்கு வெளியே போயிருந்தவள் காதில் விழுந்திருக்காது என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலை இரண்டாம் பூச்சுக்கு நாங்கள் போனபோது அந்த வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. விடிகாலை மழையில், வேலை முடிந்தவர்களைக் கொண்டுவந்த பஸ் வழுக்கிப்போய் நின்றிருந்த லோரியில் மோதியிருந்தது. புவனா முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

ஆ ஹோங் ரோலரையும் ஏணியையும் தெருவிலேயே வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார். சாய டின் புழக்கடையிலேயே இருந்துவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் வருஷத் திதி முடியும் வரை தீபாவளி கிடையாது, சாயம் அடிப்பதும் கிடையாது. துக்கப்படுகிறவர்களை விட்டுவைப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. நல்ல வழக்கம். ஆனால் அந்த வீட்டில் அது வேறொன்றையும் செய்துவிட்டது. எந்த வீட்டுக்காரருக்கும் ஒரு மணி நேரம்கூடக் காட்டக் கூடாத முதல் பூச்சை, ஒரு தாயின் கண் முன்னால் ஒரு வருடம் நிறுத்தி வைத்துவிட்டது.

வருஷத் திதி கழிந்து, அடுத்த தீபாவளி நெருங்கும்போது, புவனாவின் அப்பா கடைக்கு வந்தார். மாணிக்கம் என்று பெயர். துறைமுகத்தில் பளுதூக்கி வண்டி ஓட்டுபவர். மேசைக்கு எதிரே உட்காரவில்லை.

“மிஸ், அந்த ரூமுக்கு வெள்ள அடிச்சிக் குடுங்க. சீக்கிரமா வேணும். பார்வதிய பந்திங்ல அவ தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டிருக்கேன். அவ வர்றதுக்குள்ள முடிஞ்சிடணும்.”

“அக்காவுக்குத் தெரியுமாண்ணே?”

அவர் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். நான் ஆ ஹோங்கை அழைத்துக்கொண்டு அவருடன் போனேன்.

அறை அப்படியே இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் சுவரோரமாக ஒரு பாய், ஒரு தலையணை. பாய்க்கு நேர் மேலே, உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், சுவரில் வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை. முதலில் எனக்குத் தொழில் புத்திதான் வேலை செய்தது. தலையெண்ணெய் ஏறிய இடத்தில் எந்தச் சாயமும் பிடிக்காது, கழுவித் தேய்க்க வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தக் கறை அவ்வளவு கறுக்க எத்தனை காலம் ஒருவர் அங்கே சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உறைத்தது.

“அண்ணே, இங்க யாரு தூங்குறா?”

“அவதான். தூங்குறாளா எங்க? உக்காந்து சுவத்தையே பாத்துட்டு இருக்கா.”

“அப்ப அவங்களக் கேக்காம நான் அடிக்க முடியாதுண்ணே.”

அவர் முகம் மாறிவிட்டது. “நான் வீட்டுக்காரன் மிஸ். இந்தச் சுவத்தப் பாத்துப் பாத்து என் கண்ணு முன்னால அவ கொறஞ்சிட்டே போறா. நீங்க என்னமோ ரூல்சு பேசுறீங்க. கிள்ளான்ல வேற ஆளா இல்ல, வெள்ள அடிக்க?”

“இருக்காங்கண்ணே. ஆனா அவங்க அடிச்சிட்டுப் போயிடுவாங்க. அக்கா வந்து கதவத் தொறக்குறப்ப நீங்கதான் பக்கத்துல நிக்கணும்.”

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் கேட்டது தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் தூரிகையை நானே எடுத்திருப்பேன். வாடிக்கையாளர் அவசரப்படும்போது, அந்த அவசரத்துக்குக் கீழே இருப்பது கோபமா பயமா என்று பாருங்கள். கோபத்துக்கு வளைந்து கொடுக்கலாம். பயத்துக்கு வளைந்தால், அவருக்கு வேண்டாததை அவர் கையாலேயே செய்ய வைத்துவிடுவோம். இது எனக்கு அன்று தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கறையைப் பார்த்த பிறகு கை வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் கார் சாவியை எடுத்தார். “வாங்க. நீங்களே வந்து கேளுங்க.”

ஆ ஹோங்கை வீட்டில் விட்டுவிட்டு பந்திங் சாலையில் போனோம். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்தது. முந்த இடமிருந்தும் அவர் முந்தவில்லை.

“அன்னிக்கு பார்வதி என்னா சொன்னான்னு நீங்க கேட்டீங்கதானே?”

“கேட்டேண்ணே.”

“நான் கேக்கல. வேலையில இருந்தேன். அவதான் சொல்றா. ஒரு வருசமா அதேதான் சொல்லிட்டு இருக்கா.” சாலையைப் பார்த்தபடியே சொன்னார். “அந்தக் கலரு நல்லாவே இருக்காதுன்னு சொல்லிடுங்க மிஸ். ஒங்களுக்குக் கோடி புண்ணியம்.”

பார்வதியக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது. வாங்க என்றுகூடச் சொல்லாமல், அதற்காகவே காத்திருந்தவர்போல் கேட்டார்:

“முடிஞ்சிருந்தா அது எப்படிம்மா இருந்திருக்கும்?”

மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பாரம் இன்னும் என் மேல் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அசிங்கமாகத்தான் இருந்திருக்கும் என்று நான் சொல்லியிருந்தால், அந்தத் தாய் அன்று திட்டியது நியாயமாகிவிடும். கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். ஆனால் செத்துப்போன பெண், தன் வாழ்க்கையில் தானாகப் பார்த்து எடுத்த ஒரே நிறத்தையும் தப்பாக எடுத்தவளாகிவிடுவாள். நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னால், மகள் சரியாகிவிடுவாள். தாய் சொன்ன கடைசி வார்த்தை மன்னிக்க முடியாததாகிவிடும். நடுவில் ஒரு பதில் இல்லை. நிற அட்டைகளில் நடுவே எத்தனையோ நிறங்கள் இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. நான் அவளைத் திட்டி, நாளைக்கு அவள் இல்லை என்று ஆனால், எங்கள் இருவரில் யார் சரியாக இருந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புவேன்? அதை நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

“நல்லா இருந்திருக்கும் அக்கா. ரொம்ப நல்ல கலரு. அவ பாத்து எடுத்தது. பகல்ல தூங்குறதுக்காக எடுத்தா.”

“தூங்குறதுக்கா?”

“வெள்ளச் சுவரு வெளிச்சத்த வாங்கி மூஞ்சில எறியுதுன்னு சொன்னா. ஒங்ககிட்ட சொல்லலியா?”

அவர் இல்லையென்று தலையசைத்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. மாணிக்கம் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் போன பிறகு அக்கா சொன்னார்:

“முடிச்சிக் குடுங்கம்மா. முடிஞ்ச பொறவு வந்து பாருங்கன்னு சொல்லிட்டுப் போனா. நான் இன்னும் பாக்கலியே.”

நான் செய்தது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. உங்களுக்குப் பாடமாகச் சொல்லும் அளவுக்கு அது எனக்கு முடிந்துபோன விஷயமாக இல்லை. என் மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். புவனாவின் வயதைத் தாண்டியது இந்த வருடம்தான். அந்தப் பிறந்தநாள் வரும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. காலையில் எதற்காவது அவளைக் கடிந்துகொண்டால், அவள் கேட்டைத் திறப்பதற்குள் ஓடிப்போய் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டாயா என்றாவது கேட்டுவிடுகிறேன். “அம்மா, நான் ஆபீசுக்குத்தான் போறேன், லண்டனுக்கா போறேன்?” என்று கேலி செய்கிறாள். மழை பெய்கிற நாளில் அவள் திரும்பிவரும் வரை நான் வாசலை விட்டு நகர்வதில்லை. மூச்சிரைப்புக்கு ஈரக்காற்று ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவளும் சொல்கிறாள். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்கிறேன்.

மறுபடி கிள்ளானுக்கு வருகிறேன்.

புழக்கடை டின் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. புதிதாகக் கலந்து கொண்டுபோனோம். சுவரில் இருந்த அந்த எண்ணெய் வட்டத்தை ஆ ஹோங் சோப்புத் தண்ணீரில் தானே கழுவினார். கூலிக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அந்த வேலை முழுக்க அவர் ஒரு தமிழ் வார்த்தைகூடப் பேசவில்லை. கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். பந்திங்கிலிருந்து திரும்பிவிட்ட பார்வதியக்கா ஹாலில் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூடக் கதவுப் பக்கம் வரவில்லை. இந்த முறை கூப்பிட்டால்தான் வருவது என்று வைத்திருந்தார் போல.

மூன்றாம் பூச்சு காய்ந்து, வாடை போவதற்கு ஓரிரு நாள் சன்னலைத் திறந்துவைத்து, அப்புறம் ஒரு காலை நேரத்தில் கட்டிலையும் பாயையும் பழைய இடத்தில் போட்டோம். சன்னலைச் சாத்தித் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். வெளியே நல்ல வெயில். திரை ஓரமாக உள்ளே வந்த வெளிச்சத்தைச் சுவர் வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. என் காலத்தில் எத்தனையோ அறைகளை முடித்துக் கொடுத்திருக்கிறேன். நிறம் அது சேர வேண்டிய இடத்தில் அப்படிச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

“அக்கா, வாங்க,” என்றேன்.

வந்தார். நடு அறையில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார். உள்ளங்கையைச் சுவருக்குக் கிட்டே கொண்டுபோனார், தொடவில்லை.

“பயமாவே இல்லியே,” என்றார்.

பிறகு, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதுபோல, “நல்லாத்தான்டி இருக்கு,” என்றார். நான் பக்கத்தில் இல்லை; கதவருகே இருந்தேன்.

அப்புறம் பாயை எடுத்துச் சுருட்டி மூலையில் வைத்தார். மகளின் கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் ஓசைப்படாமல் வெளியே வந்தேன். மாணிக்கம் அண்ணன் ஹாலைத் தாண்டி வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். அவருக்கு உள்ளே கட்டிலின் கால்மாடு மட்டும்தான் தெரியும்.

“தூங்குறாளா மிஸ்?” என்று கிசுகிசுத்தார். “ஒரு வருசமா அவ பகல்ல கண்ண மூடல.”

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் தெரிந்த பார்வதியக்காவின் கண்கள் அகலத் திறந்திருந்தன. சுவருக்கு மிக அருகே அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. என்ன சொல்கிறார் என்று என் காதில் விழவில்லை. கேட்க வேண்டியவளும் நான் அல்ல.

“ஆமாண்ணே,” என்றேன். “தூங்குறாங்க.”

கதவைச் சாத்தினேன்.